பொது ஒலிபரப்புக் கழகத்துக்குப் புதிய வாரியம்: தென்னாப்பிரிக்காவில் நடந்ததும் அங்காசாபுரிக்காக நாம் கேட்க வேண்டியதும்

செந்தூல் வாசகன் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கோலாலம்பூரின் அங்காசாபுரியைத் தலைமையகமாகக் கொண்ட மலேசிய அரசு வானொலி, தொலைக்காட்சியான ஆர்டிஎம் இன்றுவரை அமைச்சின் கீழுள்ள ஓர் அரசுத் துறையாகவே இயங்கி வருகிறது. அதன் தலைமை இயக்குநர் ஓர் அரசு ஊழியர். அதன் செலவு ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் அமைச்சுக்கு ஒதுக்கப்படும் பணத்திலிருந்து வருகிறது. தொலைக்காட்சி வைத்திருந்தவர்கள் ஆண்டுக்கு 24 வெள்ளி (ரிங்கிட்) உரிமக் கட்டணம் கட்டிய காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இந்தத் துறையைத் தனிச் சட்டத்தால் அமைந்த கழகமாக்கி, அதற்கென ஒரு வாரியத்தை நியமித்து, அன்றாட அரசியலின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்று நம்மில் பலர் விரும்புகிறோம். நானும் விரும்புகிறேன். ஆனால் வாரியம் நியமிப்பதில் மற்ற நாடுகள் எங்கே கோட்டை விட்டன என்று தெரிந்துகொள்ளாமல் கேட்டால், நமக்குக் கிடைப்பது பெயரளவில் ஒரு வாரியமாகத்தான் இருக்கும். இதைப் படித்துக்கொள்வதற்குத் தென்னாப்பிரிக்காவின் பொது ஒலிபரப்புக் கழகமான எஸ்ஏபிசியைப் போல நல்ல பாடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

1936இல் தொடங்கிய அந்தக் கழகம் நிறவெறி ஆட்சியின் ஊதுகுழலாகவே நெடுங்காலம் இருந்தது. எல்லா இனத்தவரும் வாக்களிக்கும் முதல் பொதுத் தேர்தல் நெருங்கியபோது, பழைய வாரியத்தை வைத்துக்கொண்டு நேர்மையான செய்தி சொல்ல முடியாது என்ற வற்புறுத்தல் வலுத்தது. அதனால் 1993இல் நீதிபதிகள் தலைமையிலான தேர்வுக்குழு ஒன்று வேட்பாளர்களைப் பொதுமக்கள் அறிய நேர்காணல் செய்தது. அப்போதே ஒரு கோளாறு தலைகாட்டியது. தலைவர் பதவிக்கு எழுத்தாளர் இன்ஜாபுலோ இன்டெபெலே வருவதை அதிபர் டி கிளார்க் ஏற்கவில்லை. அவருக்குப் பதிலாக ஃபிரெடரிக் வான் ஸில் ஸ்லாபெர்ட்டை அறிவித்தார். எதிர்ப்பு எழவே ஸ்லாபெர்ட் விலகிக்கொள்ள, பின்னர் ஐவி மட்செபே-கசபுரி தலைவரானார். அதாவது, தேர்வு திறந்த வெளியில் நடந்தாலும், கடைசிக் கையெழுத்து யார் பேனாவில் இருக்கிறது என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது.

பிறகு வந்த 1999ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் படிப்பதற்கு அருமையானது. நிர்வாகப் பொறுப்பில் இல்லாத 12 உறுப்பினர்களை, நாடாளுமன்றத்தின் பரிந்துரைப்படி அதிபர் நியமிக்க வேண்டும். பொதுமக்கள் பெயர்களை முன்மொழிய வழி இருக்க வேண்டும். நடைமுறை வெளிப்படையாக இருக்க வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வந்தோரின் பட்டியலை வெளியிட வேண்டும். ஒலிபரப்பு, சட்டம், நிதி, இதழியல், கல்வி, தொழிலாளர் நலன் எனப் பல துறைகளில் தேர்ந்தவர்களும், நாட்டு மக்களின் பல பிரிவினரும் அதில் இடம்பெற வேண்டும். இதைவிட நன்றாக எழுத முடியுமா என்று தோன்றும். ஆனால் 2022 அக்டோபரில் பழைய வாரியத்தின் தவணை முடிந்தது; டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய பெயர்களுக்கு ஒப்புதல் அளித்தது; அதிபர் ரமபோசா நியமனம் செய்ததோ 2023 ஏப்ரலில். கடனில் மூழ்கிய ஒரு கழகம் ஏறத்தாழ ஆறு மாதம் வாரியமே இல்லாமல் நடந்தது. இடைக்கால வாரியத்தை 10 நாளுக்குள் நியமிக்க வேண்டும் என்று வரையறுத்த சட்டம், முழுத் தவணை வாரியத்துக்கு அப்படி ஒரு கெடு வைக்கவில்லை.

ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். தேர்ந்தெடுத்த பிறகு அவர்களை யார் காக்க வைக்கலாம், யார் நீக்கலாம், அவர்களுக்குக் கீழே யார் யாரை நியமிக்கலாம் என்பவைதான் ஒரு வாரியத்தின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்று நான் கருதுகிறேன். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

பட்டர்வொர்த் நேயர் எழுதியது:

வணக்கம் ஐயா. விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு கேள்வி. வாரியத்தில் யார் உட்கார்ந்தால் என்ன, எழுந்தால் என்ன, வீட்டில் வானொலி கேட்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அது எந்த வகையில் போய்ச் சேருகிறது? தென்னாப்பிரிக்காவிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதனால் நல்லதோ கெட்டதோ ஏதாவது நடந்ததா?

செந்தூல் வாசகன் எழுதியது:

நடந்தது அம்மா. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் டர்பனுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய் இறங்கியவர்களின் வழிவந்தோருக்காக, எஸ்ஏபிசி 1983இல் ஒரு நிலையத்தைத் தொடங்கியது. இன்று அதன் பெயர் லோட்டஸ் எஃப்எம். பெரும்பகுதி ஆங்கிலம் என்றாலும் தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது மொழிகளுக்கும் அதில் இடம் உண்டு. சூலு மொழியில் பல இலட்சம் நேயர்களை வைத்திருக்கும் உகோசி எஃப்எம்மும் அதே கழகத்தின் நிலையம்தான். ஒரே வாரியத்தின் கீழ் பெரிய மொழியும் சிறிய மொழியும் வாழ்கின்றன. ஆர்டிஎம்மின் தமிழ் வானொலியான நம் மின்னல் எஃப்எம் அங்காசாபுரியில் வாழ்வதைப் போல.

2016 மே மாதத்தில், அப்போது தலைமைச் செயல்பாட்டு அதிகாரியாக இருந்த லாவுடி மோட்சோனெங், எஸ்ஏபிசி வானொலிகள் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உள்நாட்டு இசையையே ஒலிபரப்ப வேண்டும் என்று அறிவித்தார். உள்நாட்டுக் கலைஞர்களுக்கு வாய்ப்பு வேண்டும் என்ற நோக்கத்தில் தவறில்லை. ஆனால் இந்தியத் திரையிசையை நம்பி வளர்ந்த ஒரு நிலையத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்பதற்கு மேலே ஆள் இல்லை. நேயர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பலர் கேட்பதையே விட்டார்கள். வாரியம் தன் வேலையைச் செய்திருந்தால், அந்த முடிவு ஒருவருடைய அறிவிப்பாக வெளியே வந்திருக்காது; நிலையம் வாரியாகக் கணக்குப் பார்த்து, யாருக்கு எவ்வளவு, எத்தனை மாதத்தில் என்று வகுத்த கொள்கையாக வந்திருக்கும்.

சட்டம் பயின்றவள், பிரிக்பீல்ட்ஸ் எழுதியது:

வாசகன் ஐயா தொட்டுச் சென்ற இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். வாரியம் ஏன் தன் வேலையைச் செய்யவில்லை என்பதற்கு விடை, சட்டத்தின் முன்வாசலில் இல்லை. பின்னால் நடந்தவற்றில் இருக்கிறது.

2014 பிப்ரவரியில், அரசு அமைப்புகளின் முறைகேடுகளை விசாரிக்கும் மக்கள் பாதுகாவலர் பதவியிலிருந்த துலி மடோன்செலா வெளியிட்ட அறிக்கை, மோட்சோனெங் தம் பள்ளியிறுதித் தகுதியைப் பற்றிப் பொய் சொன்னார் என்றும், அவருடைய ஆண்டுச் சம்பளம் ஒரே நிதியாண்டில் 1.5 மில்லியன் ரேண்டிலிருந்து 2.4 மில்லியனுக்கு ஏறியது என்றும் கண்டது. அதே ஆண்டு ஜூலையில் அமைச்சர் ஃபெய்த் முத்தம்பி அவரை அந்தப் பதவியில் நிரந்தரமாக்கினார். வாரியத்தில் இதை எதிர்த்தவர்களில் ஒருவர் கணக்காய்வுத் துறையைச் சேர்ந்த ரேச்சல் காளிதாஸ். 2015இல் அவரும் வேறு இருவரும் வாரியத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். எப்படி நீக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒலிபரப்புச் சட்டத்தின்படி உறுப்பினரை நீக்குவதென்றால் விசாரணை நடத்தி நாடாளுமன்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வழியில் போகாமல், சாதாரண கம்பெனிகளுக்கான சட்டத்தைக் காட்டி, சக இயக்குநர்களின் வாக்கைக் கொண்டே அவர்களை வெளியேற்றினார்கள். போதாக்குறைக்குக் கழகத்தின் அமைப்பு விதிகள், மூன்று நிர்வாக இயக்குநர்களை நியமிப்பதில் அமைச்சருக்கு இடம் கொடுத்திருந்தன. ஊடக உரிமை அமைப்புகள் தொடுத்த வழக்கில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் 2017 அக்டோபரில் இரண்டையும் அடைத்தது: நிர்வாக இயக்குநர்களை வாரியமே நியமிக்க வேண்டும், உறுப்பினர்களை நீக்குவதற்கு ஒலிபரப்புச் சட்டமே பொருந்தும். அந்த மாதம் அமைந்த வாரியத்தில் காளிதாஸ் மீண்டும் இடம்பெற்றார்.

இதற்கு இடையே வாரியம் எப்படி உடைந்தது என்பதற்கு ஒரே ஒரு நாளைப் பார்த்தால் போதும். 2016 அக்டோபர் 5 அன்று, தொடர்புத் துறைக்கான நாடாளுமன்றக் குழு வாரியத்தை அழைத்து விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. வாரியத்தைச் சேர்ந்த கிரிஷ் நாயுடுவும் வூசி மவுசோவும், தங்களால் இனி அந்த வாரியத்தோடு சேர்ந்து நிற்க முடியாது என்று குழுவின் முன்னிலையிலேயே பதவி விலகினார்கள். அதற்குப் பிறகு கூட்டம் நடத்துவதற்குத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லை. கடைசியில் நிர்வாகப் பொறுப்பில்லாத உறுப்பினர் என்று தலைவர் மகுவே மட்டுமே எஞ்சினார். டிசம்பரில் அவரும் விலகினார். ஒருவரே ஒரு வாரியமாக இருந்த அந்த வாரங்களில்கூட கழகத்தின் வானொலிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய கவலை.

நாடாளுமன்றத்தின் தனி விசாரணைக்குப் பிறகு 2017 மார்ச்சில் ஐவர் கொண்ட இடைக்கால வாரியம் வந்தது. சட்டப்படி அதற்கு ஆறு மாதம்தான் ஆயுள். என் கணிப்பில் அந்தக் கழகத்துக்கு வாய்த்த மிகச் சிறந்த வாரியம் அதுதான். உறுப்பினர்கள் குறைவு, வேலை இன்னதென்று தெளிவாக இருந்தது, நாடே பார்த்துக்கொண்டிருந்தது.

பழைய கணக்கர், பெட்டாலிங் ஜெயா எழுதியது:

சட்டம் பயின்ற தங்கையின் விளக்கத்தை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் நான் அவ்வளவு நம்பிக்கையோடு இல்லை. நீங்கள் இருவரும் வாரியத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பணத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

எஸ்ஏபிசியின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது. ஒரு வீட்டுக்கு உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 265 ரேண்ட். ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் அதைக் கட்டுவதில்லை. அரசு நேரடியாகத் தரும் பணம் சொற்பம். ஆனால் பதினொரு மொழிகளில் வானொலி நடத்து, கல்வி நிகழ்ச்சி செய், தேர்தலை நாடு முழுவதும் காட்டு என்ற கடமைகள் மட்டும் முழுமையாக இருக்கின்றன. 2019இல் அரசு 3.2 பில்லியன் ரேண்ட் கொடுத்துக் கைதூக்கிவிட ஒப்புக்கொண்டது. அதற்கு விதித்த நிபந்தனைகளின் ஊடே ஆட்குறைப்பு வந்தது. 2021 மார்ச்சுக்குள் 621 பேர் வெளியேறினார்கள். நல்ல முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம்தானே அப்போது பொறுப்பில் இருந்தது? 2018 டிசம்பரில் நிலைமை இன்னும் மோசம். பணமும் இல்லை, ஆட்குறைப்பைப் பற்றி அமைச்சரோடு உடன்பாடும் இல்லை என்ற நிலையில் நான்கு உறுப்பினர்கள் விலகியதால் மறுபடியும் கோரம் போயிற்று. அந்த நால்வரில் கிரிஷ் நாயுடுவும் ஒருவர். நீங்கள் புகழ்ந்த இடைக்கால வாரியத்தின் ஐவரில் நால்வர் அவர்களேதான். நல்லவர்களையே நியமித்தார்கள்; அந்த நல்லவர்களும் இரண்டு ஆண்டுக்குள் வெளியேறினார்கள்.

ஆகவே என் கேள்வி இதுதான். ஆர்டிஎம் கழகமானால் அதன் செலவை யார் கொடுப்பது? இன்று கருவூலம் கொடுக்கிறது. நாளை விளம்பரத்தை நம்பி நில் என்று சொன்னால், சந்தையில் ஏற்கெனவே ராகா போன்ற தனியார் தமிழ் வானொலி நேயர்களைத் தன் பக்கம் வைத்திருக்கும்போது, வருமானம் குறைந்த பிரிவு என்று முதலில் கத்தி விழுவது எதன் மீது என்று நான் சொல்லத் தேவையில்லை. நம் தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமா 1967ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதற்கு வாரியமும் உண்டு. ஆனாலும் அரசின் நிதியுதவி இல்லாமல் அதனால் நடக்க முடிகிறதா?

சட்டம் பயின்றவள், பிரிக்பீல்ட்ஸ் எழுதியது:

அண்ணன் கேட்பது நியாயமான கேள்வி. அதை ஒதுக்கிவிட்டு இந்த விவாதத்தை நடத்த முடியாது. ஆனால் நால்வர் விலகியதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அமைச்சரின் வற்புறுத்தலுக்குப் பணிந்து பதவியில் ஒட்டிக்கொண்டிருக்காமல் அவர்களால் வெளியேற முடிந்தது. வாரியம் என்று ஒன்று இருந்ததால்தான் அந்த மோதல் நாட்டுக்குத் தெரிந்தது. ஒரு துறைக்குள் இதே மோதல் நடந்திருந்தால் ஒரு மாற்றல் உத்தரவோடு முடிந்திருக்கும்.

பணம் தாராளமாக இருந்தாலும் அரசியல் உள்ளே வரும் என்பதற்கு ஜெர்மனியைப் பாருங்கள். இஸட்டிஎஃப் தொலைக்காட்சிக்கு வீட்டுக் கட்டணம் ஒழுங்காக வருகிறது. ஆனாலும் 2009இல் அதன் நிர்வாகக் குழுவிலிருந்த அரசியல்வாதிகள், தலைமை ஆசிரியர் நிக்கோலவுஸ் பிரெண்டரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விடவில்லை. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போயிற்று. அரசையும் அரசியலையும் சார்ந்தவர்கள் மேற்பார்வைக் குழுக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று அது 2014 மார்ச் 25 அன்று தீர்ப்பளித்தது. இப்படி ஓர் உச்ச வரம்பை எண்ணாகவே சட்டத்தில் எழுதிவிடலாம் என்பது எனக்குப் பிடித்த செய்தி. நேர்மையானவர்களை நியமிக்க வேண்டும் என்று எழுதினால் அதை யாராலும் அளக்க முடியாது. மூன்றில் ஒன்று என்று எழுதினால் ஒரு பள்ளிப் பிள்ளையும் எண்ணிப் பார்க்கலாம்.

பட்டர்வொர்த் நேயர் எழுதியது:

இவ்வளவையும் படித்த பிறகு என் பயம் தெளிவாகிறது. மூன்றில் ஒரு பங்கு அரசியலுக்கு என்றால், மீதி இடங்களில் தமிழ் ஒலிபரப்புக்காகப் பேசுபவர் ஒருவர் இருப்பாரா? தமிழுக்கு ஓர் இடம் என்று சட்டத்தில் எழுதினால், அந்த இடத்தை நம் கட்சிகளில் ஒன்று தன் பங்கு என்று எடுத்துக்கொள்ளும். நான் பல ஆண்டு ஆசிரியராக இருந்தவள்; பள்ளி வாரியங்களில் இப்படி இடம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்கு வருவார், மாலை வாங்குவார், குழந்தைகளின் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த ஓர் இடத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

எனக்கு வேண்டியது மிகச் சாதாரணமானது. தமிழ்ச் செய்தியின் நேரத்தை மாற்றுகிறார்கள் என்றால், ஒரு நாடக நிகழ்ச்சியை நிறுத்துகிறார்கள் என்றால், ஏன் என்று எழுத்தில் கேட்கவும் எழுத்தில் பதில் பெறவும் ஒரு வழி வேண்டும். என் மாமியார் காலையில் வானொலியைப் போட்டால் இரவுதான் நிறுத்துவார்; கண் தெரியாதவர். அவருக்குச் செய்தித்தாளும் இல்லை, கைப்பேசியும் இல்லை. நிகழ்ச்சி மாறியதை அவருக்கு யார் சொல்வார்கள்?

செந்தூல் வாசகன் எழுதியது:

அம்மா சொன்னதைப் படித்த பிறகு என் எண்ணத்தில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. தமிழுக்கு ஓர் இருக்கை என்ற கோரிக்கையோடு நான் வந்தேன். அதைவிட, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம், பூர்வகுடி மொழிகள் என ஒவ்வொரு மொழிச் சேவைக்கும் குறைந்தபட்ச ஒலிபரப்பு நேரத்தையும் குறைந்தபட்ச நிதிப் பங்கையும் கழகத்தின் சாசனத்திலேயே எழுதி, அதைக் குறைப்பதானால் வாரியம் காரணத்தோடு தீர்மானம் போட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வைப்பது பலமானது. அப்போது தமிழுக்காகப் பேச ஒருவர் தனியாகப் போராட வேண்டியதில்லை. வாரியத்தில் உட்காரும் எவரும் அந்தக் கடமைக்குள் வந்துவிடுகிறார்.

மற்றவற்றையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெயர்களை முன்மொழியும் உரிமை பொதுமக்களுக்கும் சங்கங்களுக்கும் இருக்க வேண்டும். நேர்காணல் மக்களவையின் சிறப்புக் குழு முன்னால், நேரடி ஒளிபரப்பில் நடக்க வேண்டும். குழு பெயர்களை முடிவு செய்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நியமனம் வெளிவர வேண்டும். வராவிட்டால் பழைய வாரியம் தொடர வேண்டும், ஒரு நாளும் நாற்காலிகள் காலியாகக் கிடக்கக் கூடாது. எல்லா உறுப்பினர்களின் தவணையும் ஒரே நாளில் முடியாதபடி மூன்றில் ஒரு பங்கினராக மாறி மாறி வர வேண்டும். எஸ்ஏபிசியில் பன்னிரண்டு பேரும் ஒன்றாகப் போவதால்தான் ஒவ்வொரு ஐந்தாண்டும் அந்த வெற்றிடம் விழுகிறது. தலைமை நிர்வாகியை நியமிப்பதும் நீக்குவதும் வாரியத்தின் வேலை. அமைச்சர் தம் கருத்தைச் சொல்லலாம், ஆனால் அதை எழுத்தில் சொல்லி, அது வெளியிடப்பட வேண்டும்.

பழைய கணக்கர், பெட்டாலிங் ஜெயா எழுதியது:

வாசகன் சொன்ன நிதிப் பங்கு என்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் பங்கு மட்டும் எழுதினால் மொத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். நூற்றுக்கு இத்தனை என்பதோடு, மூன்று ஆண்டுக்கான மொத்த ஒதுக்கீடு முன்கூட்டியே முடிவாக வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு கருவூலத்தின் வாசலில் காத்திருக்கும் வாரியம் எந்த அமைச்சரையும் எதிர்த்துப் பேசாது. கழகத்தின் கணக்கை தேசியத் தலைமைக் கணக்காய்வாளரே தணிக்கை செய்ய வேண்டும். பொதுக் கணக்குக் குழு அழைத்தால் தலைவர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. அங்காசாபுரியில் வேலை செய்பவர்கள் அரசு ஊழியர்கள். துறை கழகமாகும்போது அவர்களுடைய ஓய்வூதியம் என்ன ஆகும் என்பதற்குச் சட்டத்திலேயே விடை இல்லையென்றால், இந்த மாற்றத்தை முதலில் எதிர்ப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள், எதிர்ப்பது நியாயமும்கூட. விருப்பம் உள்ளவர் கழகத்துக்கு மாறலாம், விருப்பம் இல்லாதவர் அரசு ஊழியராகவே ஓய்வு பெறலாம் என்ற தெரிவு வேண்டும். தமிழ்ப் பிரிவில் ஒலிப்பதிவுக்கூடத்தின் நுணுக்கம் தெரிந்த மூத்தவர்களைப் பயத்தில் வெளியே அனுப்பிவிட்டால், பிறகு எந்த வாரியம் வந்தும் அவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சட்டம் பயின்றவள், பிரிக்பீல்ட்ஸ் எழுதியது:

ஓய்வூதியத்தைப் பற்றி அண்ணன் சொன்னது சரி. இடைமாற்றப் பிரிவு என்று தனியாக ஒன்று எழுத வேண்டும். நீக்கம் குறித்து ஒரு வரியை மட்டும் சேர்க்கிறேன். எந்தச் சட்டத்தின் கீழ் நீக்கலாம் என்பதைச் சொல்வதோடு நிற்காமல், கம்பெனிச் சட்டத்தின் நீக்கப் பிரிவுகள் இந்தக் கழகத்துக்குப் பொருந்தா என்றும் வெளிப்படையாக எழுத வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அந்த ஒரு வரி இல்லாததால் மூன்று உறுப்பினர்கள் தங்கள் இடத்தை இழந்தார்கள். அந்த நீக்கம் செல்லாத வழி என்று நீதிமன்றம் சொல்லி முடிக்க இரண்டு ஆண்டுக்கு மேலாகியது.

நியமனம், தவணை, நீக்கம் ஆகிய மூன்று பிரிவுகளையும் நான் வரைந்து இங்கே இடுகிறேன். நிதியையும் தணிக்கையையும் கணக்கர் அண்ணன் எழுதட்டும். நேயர் புகாருக்கு எத்தனை நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும், நிகழ்ச்சி மாற்றத்தை எத்தனை நாள் முன்னதாக வானொலியிலேயே அறிவிக்க வேண்டும் என்பதை பட்டர்வொர்த் அம்மா சொன்னால், அதை அப்படியே சாசனத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

பட்டர்வொர்த் நேயர் எழுதியது:

புகாருக்கு 21 நாள். நிகழ்ச்சி மாற்றத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக, காலையிலும் மாலையிலும் தமிழ்ச் செய்திக்கு முன்பு அறிவிக்க வேண்டும்.